கலவை அறையின் கதவு

அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, இவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னிக்காவது உள்ள விடுங்க. ஓரமா நின்னு பார்த்துட்டுப் போறேன்."

"உனக்கு இது வராதுப்பா. போய்க் கான்கிரீட் கட்டையை உடைக்கிற வேலையைப் பாரு."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பின்னாலேயே இருமல்.

"வித்தையை மூட்டை கட்டி எடுத்துட்டா போகப் போறீங்க?" என்று இவன் கதவைப் பார்த்துக் கத்தினான்.

கான்கிரீட் சோதனைக் கூடத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். வைத்தவன் இவன்தான்.

புதிதாக வந்த நானோ தூளைக் கலக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. சிமென்ட்டைவிட எத்தனையோ மடங்கு நுண்ணிய தூள். கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளிலெல்லாம் புகுந்து அடைத்துக்கொள்ளும். அவர் வார்த்த கட்டையை அழுத்திப் பார்த்தால் இயந்திரம்தான் முனகும்.

ஒரே ஒரு முறை, இவன் நச்சரிப்புத் தாங்காமல் சொல்லிக் கொடுத்தார். "தூளை நேரா சிமென்ட்ல கொட்டிக் கிளறு. அவ்வளவுதான்."

இவன் மேலாளர் முன்னால் அப்படியே செய்தான். தூள் கட்டி கட்டியாகத் திரண்டது. அந்தக் கட்டை பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. "இவனை இனி அந்த அறைப் பக்கம் விடாதீங்க" என்றார் மேலாளர். பூட்டு தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அந்தக் கோபம் இவனுக்கு அவர் செத்த பிறகும் ஆறவில்லை. நெஞ்சுச் சளி என்று மருத்துவமனைக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

கலவை அறைச் சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

"கடைசி வரைக்கும் எனக்குச் சொல்லித் தரலையே, அண்ணி."

"எதை? தூளை முதல்ல தண்ணியில போட்டு நல்லா அடிச்சுக் கலக்கணும். அப்புறம்தான் சிமென்ட். தூக்கத்துலகூட இதையே புலம்புவாரு. இப்ப நானே கலந்துடுவேன்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அப்ப எனக்கு ஏன் தப்பாச் சொன்னாரு?"

அவள் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த அறையில காத்தை வெளியே தள்ளுற ஃபேன் ஓடலை. சரிபண்ணச் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டாரு. தூளு நெஞ்சுக்குள்ள போகுதுன்னு தெரியும். ஆனா உங்க கூடத்துல கலக்கத் தெரிஞ்சவனைத்தானே மாத்தி மாத்தி உள்ள நிறுத்துவாங்க? 'அவன் கைக்குழந்தைக்காரன். அவனுக்கு இது வராதுன்னே இருக்கட்டும்'னு சொல்லுவாரு."

மறுநாள் மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"தூள் கலக்க யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது சார்," என்றான் இவன். "முதல்ல அந்த ஃபேனைச் சரிபண்ணுங்க."

பிறகு போய் அறையைத் திறந்தான். கதவுக்குப் பின்னால், ஆணியில் அவருடைய துண்டு தொங்கியது. தூள் வெளியே போகாமல் கதவடி இடுக்கில் செருகுவதற்காக நீளமாகச் சுருட்டியது, சுருட்டியபடியே கல்லாக இறுகியிருந்தது.