கசியாத பெட்டி

"என்ற மூஞ்சி தெரியுதா?"

கணவர் கைபேசியில் கேட்டார். ஏணியின் மேல்படியில் நின்று கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார்.

சாயப்பட்டறையின் காவல் அறையில், திரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வேலை செய்யும் விதம் அது. கேமரா பக்கம் கணவர். திரைப் பக்கம் அவள்.

"தெரியுதுங்க. சவரம் பண்ணாததுங்கூடத் தெரியுது."

"அப்பக் கறுப்பு நல்லாத்தான் வருது."

சிரித்தார். இறங்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி.

காவலாளி பொங்கியண்ணனின் கை அவள் தோளைத் தாண்டி நீண்டது.

"கொஞ்சம் இருங்கம்மிணி. மொதலாளி வண்டி வர்ற நேரம்."

ஒன்றாம் பொத்தானை அழுத்தினார். தொட்டி போய் வாசல் வந்தது.

அங்கே அதுதான் வழக்கம். முதலாளி வீட்டிலிருந்து கிளம்பியதாகச் சேதி வந்தால் திரையை வாசலில் நிறுத்திவிட வேண்டும். வண்டி சாலையில் திரும்பும்போதே கதவு திறந்திருக்க வேண்டும். முதலாளி ஹாரன் அடிக்கும்படி ஆகிவிட்டால் அன்றைக்கு யாருக்காவது வேலை போகும்.

அவள் வாசலைப் பார்த்தாள்.

சாலை. மின்கம்பம். அதன் நிழலில் ஒரு நாய்.

வண்டியைக் காணோம்.

அந்த நேரத்தில்தான் தொட்டி கழுவ இறங்கிய ஆள் உள்ளே மயங்கி விழுந்தான். அவள் கணவர் நாச்சிமுத்து அவனைத் தூக்க இறங்கினார். தொட்டிக்குள் தேங்கியிருந்த வாயு இருவரையும் விடவில்லை. இயந்திரங்களின் இரைச்சலில் கூப்பாடு யாருக்கும் கேட்கவில்லை.

அவள் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வண்டி வந்தது. ஹாரன் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

*

பொத்தான்கள் இருந்த அந்தப் பெட்டி அவர்கள் இருவரும் சேர்ந்து பொருத்தியது.

எட்டுக் கேமராக்களின் படம் உள்ளே வரும். ஒன்றுதான் வெளியே போகும். திரைக்கும் அதுதான், பதிவுக் கருவிக்கும் அதுதான். எதை விடுவது, எதை நிறுத்துவது என்று பார்ப்பது உள்ளே இருக்கும் ஒரு ஐசி சில்லு. கால் முளைத்த கறுப்புத் துண்டு.

படத்தின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கேமரா ஒரு துளி கறுப்பை அனுப்பும். ஐசி அந்தக் கறுப்பைப் பிடித்து ஓரிடத்தில் கட்டிப்போடும். மற்ற வெளிச்சமெல்லாம் அங்கிருந்துதான் அளக்கப்படும். கட்டாவிட்டால் படம் திடீரென்று வெளுக்கும், திடீரென்று இருளும். வெளியே போகும் வழியில் ஒரு வடிகட்டி. மோட்டார்கள் கம்பியில் ஏற்றிவிடும் புள்ளிகளையும் கோடுகளையும் அது நிறுத்திக்கொள்ளும்.

பழைய பெட்டி கசியும். வாசலைப் பார்த்தால் அதன்மேல் கிடங்கின் நிழல் மங்கலாக ஓடும். அடைத்து வைத்த படங்கள் ஆவி போல எட்டிப் பார்க்கும். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. நாச்சிமுத்து நல்ல ஐசியாகத் தேடி வாங்கி வந்தார்.

நல்ல ஐசிதான். ஒன்றைத் திறந்தால் மற்ற ஏழும் அடியோடு அடைபட்டன.

படம் வராமல் போயிருந்தால்கூட அவளுக்கு மனம் ஆறியிருக்கும்.

வந்தது. அவர் குனிந்தது, இறங்கியது, விளிம்பைப் பிடித்த கை, எல்லாம் கம்பி வழியே ஓடி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிவரை வந்தது. கறுப்பை அதனிடத்தில் கட்டி, ஒழுங்காக, வரி வரியாக வந்தது.

அங்கே நின்றது.

ஒரு நிழல்கூடக் கசியவில்லை.

பழைய பெட்டியாக இருந்திருந்தால் அந்த நாயின்மேல் ஒரு மனிதன் விழுவது தெரிந்திருக்கும்.

*

அவருடைய காரியம் முடிந்த பிறகு, விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று அவளும் போனாள். காவல் அறையில் எல்லோரும் நின்றார்கள். மேலாளர் தனசேகரன் மட்டும் பேசினார்.

"தொட்டியைப் பாக்கற ஆறாம் நம்பர் கேமராவுல படமே வரலீங்க சார். அதைச் சரி பண்ணத்தான் நாச்சிமுத்து வந்ததே. பாவம், முடிக்கறதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. அதுக்கப்பறம் அதை யாரும் தொடலீங்க. வராத படத்தை யாரு பாத்திருக்க முடியும்?"

பொங்கியண்ணன் தரையைப் பார்த்தார்.

அவளுக்குக் காதுமடல் எரிந்தது. ஆளைக் கொன்றது போதாதா இவர்களுக்கு? வேலையை முடிக்காமலே செத்தான் என்றும் சொல்ல வேண்டுமா?

"அண்ணா, ஆறை அழுத்துங்க" என்றாள்.

"இப்ப எதுக்குங்கம்மிணி அதெல்லாம்?" தனசேகரன் அதிகாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் பொங்கியண்ணனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த வெரலுக்கு ஒண்ணு மட்டுந்தான் தெரியுமாங்கண்ணா?"

பொங்கியண்ணன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவளே எட்டி அழுத்தினாள்.

படம் வந்தது. துள்ளவில்லை. வெளுக்கவில்லை. கறுப்பு கறுப்பாக நின்றது. சுவரில் சாயக்கறை தெரிந்தது. கறையின் ஓரம்கூடத் தெரிந்தது.

தனசேகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். திரைக்கு அருகில் குனிந்தார்.

திரையில் வேறொருவன் நீர்க்குழாயை இழுத்துக்கொண்டு வெறுங்காலோடு தொட்டியோரம் நடந்து போனான்.

தொட்டியின் மூடி அன்றும் திறந்தே கிடந்தது.