ஈரமில்லாத தரை

தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பட்டறையின் நடுவில் ஹைட்ராலிக் மேடை பழைய லாரி எஞ்சினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. கூரைத் தகட்டின் ஓட்டை வழியே விழும் வெயில், சிலிண்டரிலிருந்து நீண்டு மேடையைத் தாங்கும் எஃகுத் தண்டில் பட்டுக் கண் கூச மின்னுகிறது. பம்பை நிறுத்திய அமைதியில் எங்கோ மெல்லிய சீறல். நிஜமா, காதின் பிரமையா? அழுத்தமானியின் முள் கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் நிற்கிறது. சுமை மேலே இருக்கும்வரை அது அப்படித்தான் நிற்கும். அதன் சாட்சி செல்லாது. "சீல் மாத்தியாச்சு அண்ணி, சும்மா சந்தேகப்படாதீங்க" என்கிறான் கொழுந்தன். மேடையை வடிவமைத்தவள் அவள், பூட்டியவன் அவன். "பிஸ்டன்ல இருக்கற சீலுமா?" "எல்லாந்தான்." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வருகிறது. சீல் தேய்ந்து சிலிண்டருக்குள்ளேயே பிஸ்டனைத் தாண்டிக் கசிகிற எண்ணெய் தரைக்கு வராது, மேடையைத்தான் மெல்ல இறக்கும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அவன் டீ வாங்கப் போயிருந்தபோது, சிலிண்டரின் வாய்க்கு ஒரு விரல் மேலே, தண்டில் கறுப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். டம்ளரில் டீ இன்னும் பாதி இருக்கிறது. "நம்பிக்கை இல்லேன்னா இதோ பாருங்க" என்று சிரித்துக்கொண்டே அவன் எஞ்சினுக்கு நேர் கீழே போய் மல்லாந்து படுக்கிறான். அவள் கோட்டைத் தேடுகிறாள். அது சிலிண்டரின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க உள்ளே போகிறது. "தம்பி" என்கிறாள், குரலை உயர்த்தாமல். "வெளிய வா."