மரியாயியின் மாத்திரை

நிருஷா இறப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டுக் கதவைத் தள்ளியபொழுது, அவளுடைய தகப்பன் செபஸ்ரியன் மாத்திரையொன்றை வாயிலிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அது, கட்டிலிற் கிடந்த அவர் மனைவி மரியாயிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மோர்பின் மாத்திரை.

"அப்போ ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னது நெசந்தான்!" என்று அவள் கத்தினாள். "அம்மாவோட மாத்திரைய நீங்கதான் திங்கிறீங்க!"

செபஸ்ரியன், இறப்பர்ப்பால் காய்ந்து கறுத்த சட்டையைக்கூட மாற்றாமல், கட்டிலருகே கிடந்த முக்காலியில் அமர்ந்தார்.

மரியாயிக்கு மார்பிற் புற்றுநோய். கீமோ ஏற்றியதில் கட்டி கரைந்தது; ஆயின் அம்மருந்தே கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டமையால், உள்ளங்கால்கள் தணலில் வைத்தாற்போல எரிந்தன. வேறெந்த மருந்துக்கும் எரிவு அடங்காமற்போகவே டாக்டர் மோர்பின் எழுதினார்.

சென்ற மாதம், அடுத்த கிளினிக் நாள் வருமுன்னரே மாத்திரைகள் தீர்ந்துபோயின. மரியாயி தலையணையைக் கடித்துக்கொண்டு அலறியது லயம் முழுவதும் கேட்டது. மாவனல்லையில் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் நிருஷாவுக்கு அயலார்தாம் போன் செய்தார்கள்.

நிருஷா தகப்பனை நோக்கிச் சீறினாள்: "வீட்டுல யாரோ எடுக்கிறாங்க, இப்படியே போனா இனிமே மாத்திரை தரமாட்டோம்னு மிஸ்ஸி சொல்லிட்டாங்க. சாராயம் பத்தாம இப்ப இது கேக்குதா? போதைக் குடு அடிக்கிறவனாட்டம் ஆயிட்டீங்களே!"

"கத்தாத புள்ள. செத்த இரு." அவருடைய நாக்குச் சற்றே குழறிற்று.

"அம்மா பாக்கப் பாக்க முழுங்குறீங்க. வெக்கமா இல்ல?"

மரியாயி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வலி பொறுக்கமாட்டாமல் உதட்டைக் கடித்திருந்தபோதிலும், கணவனின் முகத்தைவிட்டு அவள் கண்கள் விலகவேயில்லை.

சத்தங்கேட்டு அடுத்த வீட்டு வெள்ளையம்மா வாசலில் வந்து நின்றாள்.

"மனுசன் மலையில மரத்துக்கு மரம் தள்ளாடுறாரு. நேத்துப் பால் வாளியோட விழுந்து, கங்காணிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அந்த மாத்திரையே சனியன் புடிச்சது நிருஷா. எங்க வீட்டுக்காரருக்கும் கடைசியில இதத்தான் குடுத்தாங்க. ஒரு கெழம தாங்கல."

"சனியன் மாத்திரையில இல்ல அக்கா, இந்தா முக்காலியில உக்காந்திருக்கு."

நிருஷா மாத்திரைப் பையைத் தகப்பன் மடியிலிருந்து பிடுங்கினாள். ஒன்றை எடுத்து, தாயின் தலையைத் தாங்கி, வாயருகே கொண்டுபோனாள். மரியாயி வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"யாருக்கும்மா பயப்படுறீங்க? இவருக்கா?" மகளின் குரல் உடைந்தது. "இத முழுங்குங்க. நாளைக்கே உங்கள என்கூடக் கூட்டிட்டுப் போயிடுறேன். இந்தாளு இங்கயே கெடந்து சாகட்டும்."

மரியாயி மகளின் கையை மெல்ல விலக்கினாள்.

"பொறு புள்ள. ஒவ்வொரு தடவையும் அவரு முழுங்கிச் சாகலைன்னு பாத்துட்டுத்தான் நான் முழுங்குவேன்."