லாவண்டர் வருதா?

கிடர்பூர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராஜன், மனைவி சியாமளாவின் வீங்கிய விரல்களில் எண்ணெயைத் தேய்த்தபடியே வழக்கமான விளக்கத்தை ஆரம்பித்தார்.

"வாசனை மூக்கு வழியா நேரா மூளைக்குப் போகும். மூளை சாந்தமாச்சுன்னா மூட்டுவலி அவ்வளவா உறைக்காது, புரியுதா? நல்லா மூச்சை இழு. லாவண்டர் வருதா?"

"கமகமன்னு வருதுங்க. பாதி வலி போயிடுச்சு."

பெருமையாகச் சிரித்த தியாகராஜனின் மூக்கில் அப்போதுதான் நெடி ஏறியது. சீசாவைத் தூக்கிப் பார்த்தார். வீட்டு வேலைக்கு வரும் மாஷி தன் தலைக்குத் தடவ வைத்திருந்த கடுகெண்ணெய்!

"என்னடி இது? பக்கத்து ஃப்ளாட்டுல கடுகெண்ணெயில மீன் வறுத்தாலே ஜன்னலைச் சாத்துறவளாச்சே நீ!"

சியாமளா தலைகுனிந்தாள்.

"குளிர்காலத்துல வந்த காய்ச்சலோட மூக்கு செத்துப்போச்சுங்க. எந்த வாசனையும் தெரியல."

"அப்போ வலி?"

"அப்படியேதான் இருக்கு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா தேய்க்கிறதை விட்டுடுவீங்களே. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல என் கையை நீங்க பிடிச்சது இந்த நாலு மாசம்தான்" என்றவள், அவர் பிடியிலிருந்து விரல்களை மெல்ல உருவிக்கொண்டாள்.