பெயர் போடாத கடிதம்

ஹோட்டலில் இரண்டு நாள் முகாமைத்துவக் கருத்தரங்குக்குப் போய்வந்த வெங்கடேஸ்வரன், கொட்டாஞ்சேனையிலுள்ள தன் மசாலாத்தூள் கம்பனியில் ஒரு பெட்டியை மாட்டினார். குறைகளைப் பெயர் போடாமல் எழுதலாம், ஊழியர்கள் மனந்திறந்தால்தான் இலாபம் வளரும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்.

இரண்டு மாதம் பெட்டி காற்று வாங்கியது. மூன்றாம் மாதம் ஒரு கடிதம் விழுந்தது.

முதலாளியின் மகன் பாலகணேஷ் பதினொரு மணிக்கு வந்து, காலையில் கட்டி வைத்த ஓடர்களைக் கலைக்கச் சொல்கிறார், லொறி பிந்துகிறது, கண்டிக் கடைக்காரர்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று அதில் இருந்தது.

வெங்கடேஸ்வரனுக்குக் கருத்தரங்கில் படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

"யார் எழுதினதெண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க. அந்த ஆள் இங்க இருக்கக் கூடாது," என்று அலுவலகப் பொறுப்பாளர் நிரோஷாவிடம் கடிதத்தைக் கொடுத்தார்.

அவளுக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. கடிதம் சிங்கள எழுத்தில் எழுதிய தமிழ்; அப்படி எழுதுகிறவர் அங்கே ஸ்டோர்ஸைப் பார்க்கும் கிளறன்ஸ் மட்டும்தான். பெரியவர் வெங்கடேஸ்வரன் ஸ்டோர்ஸிலிருந்து வரும் துண்டுச்சீட்டுகளைப் பார்ப்பதில்லை. இவள் தினமும் பார்க்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் வேலை போனால் அந்த மனுஷனை யார் எடுப்பார்கள்?

விஷயம் கம்பனி முழுக்கப் பரவியது. வியாழக்கிழமை பாலகணேஷே அவள் மேசைக்கு வந்து, கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னான். கேட்டுவிட்டு, முகம் இறுகி, தகப்பனின் அறைக்குப் போனான். பணக்காரப் பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது, இனி விடமாட்டான் என்று அவள் நினைத்தாள்.

இரவு முழுக்க யோசித்தாள். வெள்ளிக்கிழமை காலை பெரியவர் முன்னால் போய் நின்றாள்.

"சேர், அத எழுதினது நான்தான்."

 அவர் முகத்தில் கோபத்தைக் காணோம், களைப்புத்தான் தெரிந்தது.

"நீங்க நாலாவது ஆள், நிரோஷா. ஓடர் கட்டுற தாரிகாவும் லொறி ஓட்டுற அழகுமுத்துவும் நேற்றே வந்து இதைத்தான் சொன்னாங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனித் தேட வேணாம். பெட்டி அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

கதவு வரை போனவள் திரும்பினாள்.

"முதல் வந்தது யார் சேர்?"

"என்ட மகன்."