நிறுத்தி வைத்த பதிவு

பஸ் டிரைவரின் மூக்கில் கண்ணாடி நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

கண்ணாடிக் கடைக்காரி அதைக் கழற்றி வாங்கி, சின்னத் திருப்புளியால் காதுப் பக்கத்துத் திருகை இறுக்கினாள். பக்கத்தில் போன் திறந்தபடி கிடந்தது. ஊர்க் குழுவின் அட்மின்களில் அவளும் ஒருத்தி. இன்று அவள் முறை.

டிரைவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் பார்த்துப் பேசியிருப்பார்.

காலையில் அவர் போட்ட பதிவைத் தூக்கிவிட்டார்களாம். பாலத்தில் ராணுவ வண்டிகள் நிற்கின்றன, பஸ் வரத் தாமதமாகும் என்று போட்டது ஒரு குற்றமா என்று கேட்டார். அப்புறம் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு யார் சொல்வது?

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் தூக்கியவளே அவள்தான்.

"அந்த அட்மினுக்கு வீட்டுல ஆளுங்கன்னு யாரும் கிடையாது போல," என்றார் டிரைவர். "இருந்தா நம்ம வயித்தெரிச்சல் புரியும்."

போருக்கு முன்னால் அந்தக் குழு பழைய சாமான் விற்கத்தான் இருந்தது. தொட்டில், தையல் மெஷின், ஒரு பக்கம் மட்டும் எரிகிற அடுப்பு. அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் அட்மின்களுக்கு இருந்த பெரிய தலைவலி. போர் வந்ததும் ஊரே அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கே ரொட்டி கிடைக்கும், எந்தத் தெருவில் தண்ணீர் வருகிறது, யார் பிள்ளை எங்கே இருக்கிறான்.

அப்படித்தான் பள்ளிக்கூட ஆயா ஒருத்தி, தன் தம்பி செத்த சேதியை ஒரு ஃபிரிட்ஜ் விளம்பரத்துக்கும் ஒரு சைக்கிள் விளம்பரத்துக்கும் நடுவில் படித்தாள். கீழே வரிசையாக அழுகிற பொம்மை முகங்கள். அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் விதி வந்தது. எந்தப் பதிவும் அட்மின் பார்த்த பிறகே வெளியே போகும். ராணுவம் நிற்கிற இடம், குண்டு விழுந்த இடம் எதையும் போடக் கூடாது. இறந்தவரின் பெயரோ படமோ, வீட்டாருக்குத் தகவல் போய்ச் சேரும்வரை கிடையவே கிடையாது.

போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவருவது இன்னொரு அட்மினான கணக்கு வாத்தியாரின் பொறுப்பு. சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் ஒரு சுற்றுப் போவார். வாசலில் செருப்புகள் குவிந்திருந்தால் சேதி வந்துவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் பதிவு நிற்கும்.

விதியை எழுதியவள் கண்ணாடிக் கடைக்காரிதான். எழுதின கையோடு ஊரிலுள்ள வசவை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சொந்த மாமியாரையே அவள் விட்டுவைக்கவில்லை. குண்டு விழுந்த இடத்தை அவர் படத்தோடு போட்டிருந்தார், இவள் தூக்கினாள். ஊர் வாயை அடைத்தது பற்றாமல் வீட்டு வாயையும் அடைக்கிறாள் மருமகள் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அத்தை மறுநாளே இன்னொரு படம் போட்டார். அதையும் தூக்கினாள். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

போன் அதிர்ந்தது.

போர்முனையிலிருந்து யாரோ ஒரு சிப்பாய் எழுதியிருந்தான். எங்கள் சுருட்டை இன்று காலை போய்விட்டான். உங்கள் ஊர்க்காரன். அவன் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது. கீழே ஒரு படம்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவன், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிச் சிரிக்கிறான். தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். சுருட்டை என்று சொல்ல ஒரு முடி மிச்சமில்லை.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு பதிவை நிறுத்தி வைத்தாள்.

சிப்பாய்க்கு வழக்கமான பதிலை அனுப்பினாள். வீட்டாருக்கு இன்னும் தகவல் போகவில்லை, தயவுசெய்து வேறு எங்கும் போட வேண்டாம்.

உடனே பதில் வந்தது. மன்னிக்க வேண்டும், மனசு கேட்காமல் அவசரப்பட்டுவிட்டேன். அவன் வீட்டாரைத் தெரிந்தால், நாங்கள் எல்லோரும் கூடவே இருந்தோம் என்று சொல்லுங்கள்.

சொல்கிறேன் என்று எழுதினாள்.

டிரைவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, இப்போது காதை நெரிக்கிறதே என்றார். இறுக்கின திருகையே அவள் மறுபடி மறுபடி இறுக்கியிருந்தாள். மன்னிப்புக் கேட்டுத் தளர்த்திக் கொடுத்தாள். சுவரில் இருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள்.

அவர் தங்குதடையில்லாமல் படித்தார். கைராசிக்காரி என்று மெச்சிவிட்டு, அட்மினை விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார். அவர் போகாமல் அப்படியே திட்டிக்கொண்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அதற்குள் கணக்கு வாத்தியார் கூப்பிட்டார். ஒரு பதிவு நிற்கிறதே, படத்தைப் பார்த்தால் யாரென்று பிடிபடவில்லையே என்றார். இந்தச் சுருட்டை யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் தெருவைச் சொல், வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடுகிற சத்தம் கேட்டது.

அவள் டிரைவருக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

"நீங்க அலைய வேணாம் சார், எங்க வீடுதான். பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுபோச்சு. அத்தைகிட்ட நான் போய்ச் சொல்ற வரைக்கும் அதை வெளியே விட்டுடாதீங்க."