உள்ளே நாவல் நடக்கிறது

"தட்டாதீர்கள். உள்ளே நாவல் நடக்கிறது" என்று பெரிய எழுத்தில் எழுதி, அறைக் கதவில் நாலு மூலைக்கும் டேப் ஒட்டி, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார் கணவர். பஸ் டெப்போவில் வண்டி கிளம்புகிற நேரத்தைக் குறிக்கிற உத்தியோகம் அவருக்கு. எதையும் எழுதி ஒட்டினால்தான் அவருக்கு நிம்மதி.

உள்ளே அவர் மனைவி பன்னிரண்டாவது பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். இரண்டு நாவல்கள் வெளிவந்த எழுத்தாளர். பார்த்தால் இரண்டு நாளாகச் சுமை தூக்கியவள் மாதிரி இருந்தாள்.

"முப்பது நாள், ஐம்பதாயிரம் வார்த்தை. ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூத்து அறுபத்தேழு. காலைல ஒன்பதுக்குள்ள நானூறு முடிச்சிரணும்" என்று ஓர் அட்டவணையை நீட்டினார்.

"சரிங்க" என்றாள்.

"போன வருஷம் மாதிரி ஆறாவது நாளே விட்டுறக் கூடாது."

ஒரு மாதத்துக்குள் ஒரு நாவலை எழுதி முடிக்கிற இதே நாவல் சவாலில் போன வருடமும் சேர்ந்தாள். நாலாவது நாள் மகனுக்குக் காய்ச்சல். ஐந்தாவது நாள் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர். ஆறாவது நாள் அவளுக்கே முடியவில்லை. "இப்படி விட்டுட்டியே" என்று ரொம்ப வருத்தப்பட்டவர் கணவர்தான். காய்ச்சலுக்கும் குழாய்க்கும் அவர் டெப்போவில் இருந்தார்.

அவள் எழுதுகிற பழக்கமே தனி. அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஆஸ்பத்திரியில் டோக்கனோடு காத்திருக்கும்போது, கையில் அகப்பட்ட தாளின் பின்பக்கத்தில் எழுதுவாள். வசனத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் எழுத வராது.

பத்து மாதமாக அடுப்படியில் ஒரே பேச்சுச் சத்தம். "இன்னிக்கு யார்கூடச் சண்டை?" என்று கணவர் கேலி செய்வார். போன மாதம் அந்தச் சத்தம் திடீரென்று நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள், "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க. ரெண்டு நாள் சும்மா படுத்துக்கிறேனே" என்றாள்.

"இந்த வாரம் வேண்டாம்மா, தலைக்கு மேல வேலை. அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னார்.

அதற்கடுத்த வாரம், "இந்த வருஷமும் நாவல் சவால் வருது" என்றாள் அவள். வீடே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

கணவரின் அக்கா பெட்டியோடு வந்து சமையலை ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் தங்கள் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு மாறினார்கள். கணவர் குழாய் ரிப்பேர்க்காரரின் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார், கல்யாணமான பதினாலு வருடத்தில் முதல் முறையாக.

"அடுப்படில அவ பேச்சை நிறுத்தினது ஏன்னு தெரியுமா? வார்த்தையெல்லாம் சவாலுக்குச் சேர்த்துவைக்கிறா" என்று டெப்போவில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்தார்.

கதவு சாத்தப்பட்டது. தட்டு உள்ளே போனது, காலியாக வெளியே வந்தது. குளிக்க மட்டும் அவள் வெளியே தலைகாட்டினாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"பாவம், கண்ணு அவிஞ்சுபோற மாதிரி எழுதுறா" என்றார் கணவர். அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை.

நாலாவது நாள் காலையில் அக்கா கரண்டியோடு வந்து நின்றார். "டேய், உள்ள ஒரு சத்தமும் இல்லையேடா. வாய்விட்டுச் சொல்லித்தானே எழுதுவா? நாலு நாளா ஒரு வார்த்தை என் காதுல விழலை."

கணவர் கதவில் காதை வைத்துக் கேட்டார். "கதை நின்னுபோச்சு போலக்கா. இந்தத் தடவையும் விட்டுட்டா அவ மனசு ஒடிஞ்சிருவா."

ஒரு டம்ளர் டீயைச் சாக்காக எடுத்துக்கொண்டார். தன் கையால் ஒட்டிய அறிவிப்பை மதித்து, தட்டாமல் மெல்லக் கதவைத் தள்ளினார்.

திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. மேசையில் பன்னிரண்டு பென்சிலும் சீவிய கூர் மழுங்காமல் வரிசையாகக் கிடந்தன. அட்டவணையில் ஒரு கட்டத்தில்கூட டிக் இல்லை. மூலைக் கட்டிலில் அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

அட்டவணைக்கு அடியில் நூலால் கட்டிய ஒரு கட்டுத் தாள். மளிகை ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, மகளின் பழைய பரீட்சைத் தாள், எல்லாவற்றின் பின்பக்கத்திலும் பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து. கடைசித் தாளைப் புரட்டினார். "முற்றும்" என்று இருந்தது. கீழே போன மாதத் தேதி.

அவர் கட்டில் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது? முன்னாடியே எழுதி முடிச்சுவைக்கிறது போட்டி விதிக்கு விரோதமாச்சே! தெரிஞ்சா பேரை அடிச்சிருவாங்களே!"

"பேர் கொடுத்தாத்தானே அடிப்பாங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"படுத்துக்கிறேன்னு ரெண்டு நாள் கேட்டேன், கிடைக்கலை. நாவல்னு சொன்னேன், ஒரு மாசமே கொடுத்துட்டீங்க."

அவர் தாள்கட்டை இருந்த இடத்திலேயே வைத்தார். டீயை மேசையில் வைக்கப் போனார்.

"அதையும் எடுத்துட்டு, கதவைச் சாத்திட்டுப் போங்க. இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு."